அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டல் வந்தால்: ஸ்டாப்என்சிஐஐ எவ்வளவு தூரம் காப்பாற்றும்?

அந்தரங்கப் படத்தை இணையத்தில் போட்டுவிடுவேன் என்று மிரட்டல் வருவதற்கும், படம் உண்மையிலேயே வெளியாவதற்கும் நடுவில் பெரும்பாலும் கொஞ்ச நேரம் கிடைக்கும். சில மணி நேரமாக இருக்கலாம், சில நாட்களாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் பலர் கெஞ்சுகிறார்கள், பணம் அனுப்புகிறார்கள், இல்லையென்றால் பயந்துபோய்க் கணக்கையே அழித்துவிடுகிறார்கள். எதைச் செய்தாலும் லாபம் மிரட்டுகிறவனுக்குத்தான். பணம் கொடுத்தால் மறுநாள் இன்னும் அதிகமாகக் கேட்பான். கணக்கை அழித்தால் அவனுக்கு எதிரான ஆதாரமும் அதோடு போய்விடும்.

இந்த இடைவெளியில் பயன்படுத்துவதற்காகவே ஓர் இலவசச் சேவை இருக்கிறது. அதன் பெயர் ஸ்டாப்என்சிஐஐ. இணைய முகவரி ஸ்டாப்என்சிஐஐ டாட் ஆர்க். பிரிட்டனில் 2015 முதல் ரிவெஞ்ச் போர்ன் ஹெல்ப்லைன் என்ற உதவி மையத்தை நடத்திவரும் எஸ்டபிள்யூஜிஎஃப்எல் தொண்டு அமைப்பு, மெட்டா நிறுவனத்துடன் சேர்ந்து 2021 டிசம்பரில் இதைத் தொடங்கியது. 18 வயது நிரம்பிய யாரும், எந்த நாட்டிலிருந்தும் பயன்படுத்தலாம். புகைப்படங்களைப் பொறுத்தவரை இன்று இதைவிட நல்ல முன்தடுப்பு வேறு இல்லை என்பது எங்கள் கணிப்பு. வீடியோவுக்கு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. காரணம் இது வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது.

படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது

இந்தத் தளத்தைப் பற்றிச் சொன்னதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "படத்தை இன்னொருத்தரிடம் கொடுக்கணுமா?" கொடுக்க வேண்டாம். நீங்கள் தேர்ந்தெடுக்கும் படத்திலிருந்து ஹாஷ் என்ற எண்வரிசையை உங்கள் போனோ கணினியோதான் உருவாக்குகிறது. படத்தின் கைரேகை என்று அதைச் சொல்லலாம். வெளியே போவது அந்த வரிசை மட்டுமே. அதை வைத்துப் படத்தைத் திரும்ப வரைய முடியாது. சேவையில் சேர்ந்துள்ள நிறுவனங்கள் தங்கள் தளத்தில் ஏற்றப்படும் படங்களின் ஹாஷோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால், தங்கள் விதிகளை மீறுகிறதா என்று சரிபார்த்து நீக்கும். பொருந்திய கணமே தானாக மறைந்துவிடும் என்று எண்ண வேண்டாம். முடிவு அந்தந்த நிறுவனத்தின் கையில்தான்.

புகைப்படத்துக்கு பிடிகியூ என்ற முறையைப் பயன்படுத்துகிறார்கள். படத்தைச் சுருக்கி, நிறத்தை நீக்கி, ஒளியும் நிழலும் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதை 256 பிட் வரிசையாக அது மாற்றுகிறது. அதனால் படத்தின் அளவு மாறினாலும், வாட்ஸ்அப்பில் போய்த் தரம் குறைந்தாலும் ஹாஷ் ஏறக்குறைய அப்படியே நிற்கும். படத்தில் பாதியை வெட்டினாலோ, இடம் வலமாகத் திருப்பினாலோ, நான்கு படங்களை ஒன்றாக ஒட்டிப் பெரிய எழுத்தில் பெயரைப் போட்டாலோ வரிசை வெகுவாக மாறிவிடும், பொருந்தாமல் போகும்.

வீடியோவுக்கு எம்டி5 முறை. இது கோப்பைத்தான் பார்க்கிறது, காட்சியைப் பார்ப்பதில்லை. ஒரு நொடி வெட்டினாலும், வேறு செயலி வழியாகச் சேமித்தாலும் அது வேறு கோப்பு, ஹாஷும் வேறு. வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது செயலி அதைச் சுருக்குகிறது. உங்கள் கேலரியில் இருக்கும் மூலக் கோப்பும் அவனிடம் இருக்கும் கோப்பும் ஒன்றல்ல. கேலரியில் இருப்பதை மட்டும் ஹாஷ் எடுத்தால், தளத்தில் நீங்கள் பதிவு செய்யும் கேஸால் (அது தடுக்கக் கோரும் விண்ணப்பம், போலீஸ் வழக்கு அல்ல) பயன் எதுவும் இருக்காது. மூலக் கோப்பையும் எடுங்கள். அவனோடு நடந்த உரையாடலில் கிடக்கும் பிரதியைப் பதிவிறக்கி அதையும் எடுங்கள். மிரட்டலோடு அவன் திருப்பி அனுப்பிய கோப்பு இருந்தால் அதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், அவன் ஏற்றப்போவது பெரும்பாலும் அதையே.

புகைப்படத்துக்கும் இதே புத்தி பொருந்தும். மூலப் படம், அவன் காட்டிய ஸ்கிரீன்ஷாட், அவன் ஒட்டிச் செய்த படம் என்று ஒவ்வொன்றையும் சேருங்கள். பின்னால் புதிய வடிவம் எதுவும் வந்தால் அதற்கு இன்னொரு கேஸ் போடலாம்.

கேஸ் போடும்போது

தளத்தைத் திறந்து புதிய கேஸைத் தொடங்கினால் முதலில் சில கேள்விகள் வரும். படத்தில் இருப்பது நீங்கள்தானா, இப்போது 18 வயது ஆகிவிட்டதா, படம் எடுத்தபோது எத்தனை வயது, படம் நிர்வாணமாகவோ அரை நிர்வாணமாகவோ பாலுறவைக் காட்டுவதாகவோ இருக்கிறதா, படம் உங்களிடம் இருக்கிறதா. ஏஐ வைத்துச் செய்த போலிப் படத்தையும் ஏற்கிறார்கள். கேள்விகளை முடித்ததும் படங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஹாஷ் உருவாகும். பிறகு ஒரு ரகசிய எண்ணை (பின்) நீங்களே அமைக்க, கேஸ் எண் கிடைக்கும்.

அந்த இரண்டு எண்களையும் உடனே காகிதத்தில் எழுதிவையுங்கள். கேஸின் நிலையைப் பார்க்கவும், வேண்டாமென்று திரும்பப் பெறவும் அவை இரண்டும் வேண்டும். தொலைத்துவிட்டால் மீட்டுத் தர அவர்களாலும் முடியாது. யாருடைய படம் என்றே தெரியாதபடி அமைத்த சேவை என்பதால் அந்தக் கண்டிப்பு. வீட்டில் எல்லோரும் எடுக்கும் போன் என்றால், வரலாறு பதிவாகாத தனி ஜன்னலில் திறந்து செய்யுங்கள்.

படத்தில் இருப்பவர்தான் கேஸ் போட முடியும். தோழிக்காகவோ தங்கைக்காகவோ நீங்கள் போட முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து துணையாக இருக்கலாம், அந்தத் துணை பெரிது. இன்னொரு தடை, படம் உங்கள் கையில் இருந்தாக வேண்டும். வீடியோ அழைப்பைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தவன் அதை உங்களுக்கு அனுப்பாதவரை ஹாஷ் எடுக்க உங்களிடம் எதுவும் இல்லை. ஆகவே மிரட்டலோடு அவன் அனுப்பும் படத்தை அருவருப்பில் உடனே அழித்துவிடாதீர்கள்.

உடை அணிந்த சாதாரணப் படத்தை எடுத்து, கீழே ஆபாசமாக எழுதி, "ரேட்" என்று போட்டு, போன் நம்பரையும் சேர்த்து வெளியிடுகிறார்களே, அதை இந்தச் சேவை ஏற்காது. அதற்குத் தளத்திலேயே புகார் செய்ய வேண்டும், காவல்துறைக்கும் போக வேண்டும்.

எந்தத் தளங்களில் செல்லும்

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், த்ரெட்ஸ், டிக்டாக், ரெடிட், பம்பிள், ஸ்னாப்சாட், ஒன்லிஃபேன்ஸ், போர்ன்ஹப் ஆகியவை இதில் சேர்ந்தவை. மைக்ரோசாஃப்ட் பிங் தேடல் 2024 செப்டம்பரில் வந்தது. கூகுள் தேடலும் சேரப்போவதாக 2025 செப்டம்பரில் அறிவித்தது. முழுப் பட்டியல் தளத்திலேயே இருக்கிறது.

வாட்ஸ்அப் உரையாடல்கள் இரு முனையிலும் பூட்டப்பட்டவை. அதற்குள் ஹாஷ் எட்டிப் பார்க்காது. சேவையில் சேராத ஆபாசத் தளங்களையும் அது தொடாது. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு பெண் வழக்கறிஞரின் வழக்கில் இந்தச் சிக்கல்தான் வெளிப்பட்டது. அவருடைய அந்தரங்கக் காட்சிகளை ஓரிடத்தில் நீக்கினால் வேறு பல தளங்களில் மறுபடி முளைத்தன. 48 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்குமாறு மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக, இப்படிப் பாதிக்கப்படுவோர் எங்கே, எப்படிப் புகார் தருவது என்ற செயல்முறையை அமைச்சகம் 2025 நவம்பரில் வெளியிட்டது. காவல் நிலையத்துக்குப் போகத் தயங்கும் பெண்கள் மாவட்டத்திலுள்ள ஒன் ஸ்டாப் சென்டர் என்ற அரசுப் பெண்கள் உதவி மையத்துக்கு நேரில் போகவும் அதில் வழி இருக்கிறது.

படம் ஏற்கெனவே வெளியாகிவிட்டால்

அப்போதும் ஹாஷ் கேஸ் போடுங்கள், மறுபடி ஏற்றுவதைத் தடுக்க உதவும். ஆனால் அது மட்டும் போதாது. இந்தியாவில் 2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளில் 3(2)(பி) என்ற பிரிவு உங்கள் பக்கம் இருக்கிறது. நிர்வாணத்தையோ அந்தரங்க உறுப்பையோ பாலுறவையோ காட்டும் படத்தைப் பற்றி அதில் இருப்பவர் புகார் கொடுத்தால், 2 மணி நேரத்தைத் தாண்டாமல் தளம் அதை நீக்க வேண்டும் (2026 பிப்ரவரி வரை இந்தக் கெடு 24 மணி நேரமாக இருந்தது). மார்ஃபிங் செய்து ஆள்மாறாட்டமாகப் போட்ட படமும் இதில் அடங்கும். உங்கள் சார்பில் வேறொருவரும் இந்தப் புகாரைக் கொடுக்கலாம்.

பலர் தவறுவது இங்கேதான். பதிவின் மூலையிலுள்ள ரிப்போர்ட் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்கிறார்கள். அதையும் அழுத்துங்கள், இன்ஸ்டாகிராமில் நிர்வாணம் என்ற வகைக்குள் போனால் அந்தரங்கப் படத்தைப் பகிர்வது, பகிர்வதாக மிரட்டுவது என்று தனித் தேர்வு இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். அத்தோடு நிறுத்தாமல், அந்த நிறுவனம் இந்தியாவுக்கென நியமித்துள்ள குறைதீர் அதிகாரிக்கும் எழுத வேண்டும். அவரை அணுகும் முகவரி ஒவ்வொரு தளத்தின் உதவிப் பக்கத்திலும் இருக்கிறது. விதிப்படியான புகார் என்று காட்ட, பிரிவு எண்ணைக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். ஒவ்வொரு பதிவின் லிங்க்கையும் தனித்தனியாகக் கொடுங்கள். கணக்கின் பெயரை மட்டும் கொடுத்தால், கணக்கில் தவறில்லை என்று ஒற்றை வரியில் பதில் வரும், பதிவு அங்கேயே கிடக்கும்.

நீக்க மறுத்தாலோ பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ 30 நாட்களுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையத்தில் முறையிடலாம். அந்தக் குழு 2023இல் வந்தது. இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

கூகுளில் பெயரைத் தேடினால் படம் வருகிறதென்றால் கூகுளுக்குத் தனி விண்ணப்பம் உண்டு. சம்மதமில்லாத அந்தரங்கப் படங்களை நீக்கக் கோரும் படிவம் அது. படம் இருக்கும் பக்கத்தின் லிங்க்கைக் கொடுக்க வேண்டும். தேடலில் மறைந்தாலும் மூலத் தளத்தில் படம் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் சொந்தக்காரரும் வேலை கொடுப்பவரும் தேடுவது கூகுளில்தான். இந்த ஒரு படிவம் பெரிய நிம்மதி தரும்.

ஆதாரம் முதலில், பிளாக் பிறகு

ஆபாச மெசேஜ் வந்ததும் கை தானாக பிளாக் பொத்தானுக்குப் போகும். ஒரு நிமிடம் பொறுங்கள். இன்ஸ்டாகிராமில் அனுப்பியவன் அன்சென்ட் செய்தால் உங்கள் பக்கத்திலும் மெசேஜ் போய்விடும். டெலிகிராமில் இருவர் உரையாடலில் யார் வேண்டுமானாலும், எத்தனை நாள் கழித்தும், இரண்டு பக்கத்திலும் அழிக்கலாம். வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் செய்யும்போது பிளாக் செய்து உரையாடலை அழிக்கும் தேர்வும் கூடவே வருகிறது. அந்தத் தேர்வை நீக்கிவிட்டு ரிப்போர்ட் செய்யுங்கள். ரிப்போர்ட் செய்தால் அவன் அனுப்பிய கடைசி 5 மெசேஜ்கள் வாட்ஸ்அப்புக்குப் போகும். அதனால் ஆபாசமாக எழுதியது மேலே புதைந்துபோவதற்குள் ரிப்போர்ட் செய்வது நல்லது.

ஸ்கிரீன்ஷாட்டில் பெயர், தேதி, நேரம் மூன்றும் தெரிய வேண்டும். அதைவிட முக்கியம் லிங்க். ஃபேக் ஐடிக்காரர்கள் பெயரையும் படத்தையும் அடிக்கடி மாற்றுவார்கள். ஆகவே அவன் கணக்கின் லிங்க்கையும் ஒவ்வொரு பதிவின் லிங்க்கையும் நகலெடுத்து, தேதியோடு ஒரு குறிப்பில் சேருங்கள். கணக்குப் பக்கத்தில் தொடங்கி மெசேஜ் வரை நகர்த்திக் காட்டும் ஒரு திரைப்பதிவும் எடுங்கள். தனித்தனி ஸ்கிரீன்ஷாட்டைவிட அது வலுவாக நிற்கும். வாட்ஸ்அப்பில் எக்ஸ்போர்ட் சாட் மூலம் முழு உரையாடலையும் படங்களோடு எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவையுங்கள். பணம் கேட்டிருந்தால் யுபிஐ ஐடி, வங்கிக் கணக்கு எண், கியூஆர் படம் எல்லாம் ஆதாரம்தான். மெசேஜ் வந்த போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். வழக்கு நடக்கும்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் தர வேண்டிவரும். மூலச் சாதனம் இருந்தால் அது எளிது.

காவல்துறைக்கான இணையவழி சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன். பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்குத் தனிப் பகுதி உண்டு. பெயர் சொல்லாமலும் புகார் தரலாம், ஆனால் அந்த வழியில் போனால் பின்தொடர முடியாது. விசாரிக்கிறவரும் உங்களிடம் மேற்கொண்டு எதுவும் கேட்க முடியாது. உங்களுக்கே நடந்தது என்றால் பதிவு செய்து பின்தொடரும் வழியையே எடுங்கள். நடந்ததை விவரிக்கும் கட்டத்தில் குறைந்தது 200 எழுத்துகள் வேண்டும். சிறப்புக் குறியீடுகளை ஏற்காது. லிங்க்குகளை அந்தக் கட்டத்தில் திணித்துப் பலர் பிழைச் செய்தி வாங்குகிறார்கள். விவரத்தைத் தனியாகத் தட்டச்சு செய்து வைத்துக்கொண்டு ஒட்டுங்கள்.

இணையப் புகார் எஃப்ஐஆர் ஆகாது. அது நகரவில்லை என்றால் புகார் எண்ணோடு நேரில் போங்கள். எங்கே நடந்தது, யார் எல்லை என்று அலைக்கழிக்க இடமில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 173ஆம் பிரிவின்படி எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். சட்டப் பிரிவுகளைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. ஐடி (தகவல் தொழில்நுட்ப) சட்டம் 66இ அந்தரங்க மீறல், 67ஏ பாலுறவுக் காட்சிகளைப் பரப்புவது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பிஎன்எஸ் சட்டத்தில் 78 இணையத்தில் பின்தொடர்ந்து தொல்லை தருவது. பிஎன்எஸ் 77இல் ஒரு விளக்கம் இருக்கிறது: பெண் படம் எடுக்கச் சம்மதித்திருந்தாலும், அதைப் பிறருக்குப் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் பரப்புவது குற்றம். "நீதானே அனுப்பினே" என்று யார் கேட்டாலும், அது நிலைய அதிகாரியாக இருந்தாலும், பதில் அந்த விளக்கத்தில் இருக்கிறது. வீடியோ அழைப்பு மோசடியில் சிக்கும் ஆண்களுக்கும் ஐடி சட்டப் பிரிவுகள் பொருந்தும். மிரட்டிப் பணம் பறிப்பதற்கு பிஎன்எஸ் 308 உண்டு. பணம் அனுப்பிவிட்டிருந்தால் தாமதிக்காமல் 1930ஐ அழையுங்கள். அது பண மோசடிக்கான எண். மற்ற உதவிக்குப் பெண்களுக்கு 181.

வாசலிலேயே தடுப்பது

படம் வைத்து மிரட்டுவதைவிடப் பல மடங்கு அதிகம் நடப்பது ஆபாசக் கமென்ட்டும் டிஎம்மும். இன்ஸ்டாகிராமில் 2021இல் வந்த மறைசொற்கள் வசதி இதற்கானது. அமைப்புகளில் ஹிட்டன் வேர்ட்ஸ் என்று தேடினால் வரும். தமிழர்களுக்கு அதன் தானியங்கிப் பட்டியல் போதவே போதாது. தமிழ் வசைகளை ஆங்கில எழுத்தில் எழுதுகிறவர்கள் ஒரே சொல்லை நெடிலை ஒற்றை எழுத்தாக ஒருமுறை, இரட்டையாக ஒருமுறை, நடுவில் புள்ளி வைத்து ஒருமுறை, எழுத்துக்குப் பதில் எண்ணைப் போட்டு ஒருமுறை என எழுதுகிறார்கள். ஆகவே உங்கள் சொந்தப் பட்டியலைத் தயாரியுங்கள். வந்த மோசமான கமென்ட்களிலிருந்தே சொற்களை நகலெடுத்துச் சேர்ப்பது சிறந்த வழி. தமிழ் எழுத்திலும் சேருங்கள், எமோஜிகளையும் சேருங்கள். எமோஜி மட்டும் போட்டுத் தப்பிப்பவர்கள் நிறைய. பெண் யூடியூபர்களும் செய்தி வாசிப்பவர்களும் இந்தப் பட்டியலைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கொரு தடவை அந்த அசிங்கத்தைப் படிக்க வேண்டியதில்லை.

ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கில் வந்து தாக்கினால் லிமிட்ஸ் வசதியைப் போடுங்கள். உங்களைப் பின்தொடராதவர்கள், சமீபத்தில் பின்தொடரத் தொடங்கியவர்கள் எழுதுவதைக் கொஞ்ச காலம் மறைத்துவைக்கும். தெரிந்தவன், பிளாக் செய்தால் நேரில் வந்து சண்டை போடுவான் என்ற நிலையில் ரெஸ்ட்ரிக்ட். அவன் எழுதுவது அவனுக்கு மட்டும் தெரியும், நீங்கள் படித்தீர்களா என்பதும் அவனுக்குத் தெரியாது. பிளாக் செய்யும்போது அவன் புதிதாகத் தொடங்கும் கணக்குகளையும் சேர்த்துத் தடுக்கும் தேர்வையே எடுங்கள். வேறு போன், வேறு எண்ணில் வருகிறவனை அது எப்போதும் பிடிக்காது. ஃபேஸ்புக்கில் புரொஃபைல் லாக், வாட்ஸ்அப்பில் தெரியாத எண்களின் அழைப்பை ஒலிக்கவிடாத வசதி, குழுக்களில் சேர்ப்பவர்களைத் தொடர்பிலுள்ளவர்களோடு நிறுத்துவது எல்லாம் ஐந்து நிமிட வேலை. மிரட்டல் வந்த நாளில் இன்னொன்றையும் செய்யுங்கள்: நண்பர்கள் பட்டியல், ஃபாலோயர் பட்டியல் இரண்டையும் மறையுங்கள். "உன் சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்புவேன்" என்பவனுக்குப் பெயர்கள் கிடைப்பது அங்கிருந்துதான்.

18 வயதுக்குக் கீழே எடுத்த படம் என்றால்

அப்போது ஸ்டாப்என்சிஐஐ ஏற்காது. காணாமல்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான அமெரிக்காவின் என்சிஎம்இசி அமைப்பு 2023இல் தொடங்கிய டேக் இட் டவுன் சேவைக்குப் போக வேண்டும். ஹாஷ் எடுக்கும் முறை இதே போலத்தான், பெயர் சொல்ல வேண்டியதில்லை. படம் எடுத்தபோது 18 ஆகவில்லை என்றால், இப்போது வயது 25 ஆனாலும் இதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

ஆதாரம் சேர்ப்பது பற்றி மேலே சொன்னது இங்கே அப்படியே பொருந்தாது. குழந்தைகளின் பாலியல் படங்களைச் சேமித்து வைத்திருப்பது போக்சோ 15ஆம் பிரிவின் கீழ் குற்றமாகலாம். பதிவிறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் சொன்னதை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பர் 23இல் ரத்து செய்தது. ஆகவே பிள்ளையின் படத்தை அப்பா போனுக்கும், பள்ளி வாட்ஸ்அப் குழுவுக்கும், தெரிந்த போலீஸ்காரருக்கும் "பாருங்க" என்று அனுப்பக் கூடாது. லிங்க்கையும் கணக்கின் பெயரையும் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தில் பிள்ளையின் போனைப் பிடுங்கி எல்லாவற்றையும் அழித்துவிட்டால் ஹாஷ் எடுக்க வழியில்லாமல் போகும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098ஐ அழையுங்கள். படத்தை வேறெங்கும் நகலெடுக்காமல் அந்தப் போனிலேயே டேக் இட் டவுன் ஹாஷை எடுத்து, போனை அப்படியே காவல் நிலையத்துக்குக் கொண்டுபோங்கள்.